கல்யாண போட்டோ தொழில்: கணக்கும் காகிதமும்

(திருமணப் புகைப்படத் தொழிலின் வரவு செலவு, ஒப்பந்தம், வரி ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, 26 ஆண்டுகளாக மதுரையில் ஸ்டூடியோ நடத்தி வரும் புகைப்படக் கலைஞர் ஒருவர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: ஐயா, ஐந்து ஆண்டுகளாகக் கல்யாணங்களுக்குப் படமெடுத்து வருகிறேன். சென்ற ஆண்டு 30 திருமணங்கள் செய்தும் கையில் பணம் நிற்கவில்லை. எங்கள் ஊரில் இன்னொருவர் ஆல்பம், வீடியோ எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்க்கு ஒப்புக்கொள்கிறார் என்பதால் நானும் அதே விலைக்கு இறங்கிவிட்டேன். எங்கே தவறு செய்கிறேன்? (திண்டுக்கல் வாசகர்)

அடுத்தவர் சொல்லும் விலையை உங்கள் விலையாக எடுத்துக்கொண்டதுதான் தவறு. அவருக்குச் சொந்தக் கட்டடம் இருக்கலாம், வீட்டிலேயே எடிட்டிங் செய்யும் தம்பி இருக்கலாம், அல்லது உங்களைப் போலவே அவரும் நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். உங்களுடைய அடக்க விலை என்ன என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்க்காமல் எந்த வீட்டுத் திண்ணையிலும் விலை பேச உட்காராதீர்கள்.

முந்தின நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம் என்று ஒரு சாதாரணக் கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும்; கணக்குப் போடும் முறையைக் காட்டவே சொல்கிறேன். வீடியோ எடுப்பவருக்கு இரண்டு நாளுக்கு 10,000, கேண்டிட் (போஸ் கொடுக்காத இயல்பான தருணங்கள்) எடுப்பவருக்கு 12,000, லைட் பிடிக்கும் பையனுக்கு 2,400, வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் 3,600, ஆல்பம் அச்சுக்கும் பெட்டிக்கும் 12,000, ஆல்பம் டிசைனுக்கு 4,000, வீடியோ எடிட்டிங்குக்கு 7,000, பென் டிரைவும் ஹார்டு டிஸ்க்கில் சேமிக்கும் செலவும் 1,500 என்று வைத்தால் 52,500 ரூபாய் ஆகிறது. மீதி 7,500 ரூபாயை லாபம் என்று நினைத்துத்தான் நம்மில் பெரும்பாலோர் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறோம். ஆனால் கேமரா, லென்ஸ், விளக்குகள் என்று ஆறு லட்சம் ரூபாய்ப் பொருள் ஐந்து ஆண்டுகளில் தேய்ந்துபோகும் என்றால் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். 30 கல்யாணங்களுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 4,000. கடை வாடகை, மின்சாரம், தொலைபேசி சேர்ந்து மாதம் 14,000 என்றால் கல்யாணம் ஒன்றுக்கு 5,600. ஆக அடக்கம் 62,100 ரூபாய். இரண்டு நாள் கால் கடுக்க நின்றதற்கும், பிறகு ஒரு வாரம் கண் எரியப் படங்களைத் திருத்தியதற்கும் உங்களுக்கு ஒரு ரூபாய்கூடச் சம்பளம் போடாமலேயே ஒவ்வொரு கல்யாணத்திலும் 2,100 ரூபாயைக் கையிலிருந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இந்த நஷ்டம் உடனே தெரியாது. கேமராவின் ஷட்டர் போகும் நாளில், புதியது வாங்கப் பணமில்லாமல் வட்டிக்கு வாங்கும்போதுதான் தெரியும்.

எண்ணிக்கையைக் கூட்டிச் சரிக்கட்டலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஆடியும் மார்கழியும் கிடையாது, பல குடும்பங்களில் புரட்டாசியும் கிடையாது. மிஞ்சிய மாதங்களிலும் நல்ல வளர்பிறை முகூர்த்தம் ஒன்று வந்தால் அதே நாளில் நான்கு வீடுகளிலிருந்து அழைப்பு வரும்; நீங்கள் ஒரு மண்டபத்தில்தான் நிற்க முடியும். எனவே அந்த நாளுக்கு உரிய விலையை அந்த நாளுக்குச் சொல்ல வேண்டும். கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்கள் ஆடி, மார்கழி பார்ப்பதில்லை. தவக்காலம், ரமலான் நோன்பு மாதம் ஆகியவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் குடும்பங்களோடு பழக்கத்தை வளர்த்தால், வெறுமையாக இருக்கும் மாதங்களில் ஓரளவு வேலை கிடைக்கும். என் ஸ்டூடியோவின் ஆடி மாத வாடகையைப் பல ஆண்டுகளாக அந்த வேலைகள்தாம் கட்டி வருகின்றன.

விலையைக் குறைக்கச் சொல்லி வற்புறுத்தினால் பொருளைக் குறையுங்கள். 40 ஷீட் ஆல்பத்தை 25 ஷீட்டாக்கலாம், அவுட்டோர் ஷூட்டை விட்டுவிடலாம். நாற்பது ஷீட் ஆல்பத்தில் பாதிக்கு மேல் மேடையில் வரிசையாக நின்ற விருந்தினர் படங்களாகத்தான் இருக்கும் என்பதைப் பழைய ஆல்பம் ஒன்றைக் கையில் கொடுத்துப் புரட்டிக் காட்டினால், பெண்ணின் தாயாரே குறைக்கச் சம்மதித்துவிடுவார்.

கேள்வி: 20,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கி ஒரு தேதியை ஒதுக்கினேன். பெண் வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்து கல்யாணம் தள்ளிப் போய்விட்டது. புதிய தேதியில் எனக்கு வேறு ஆர்டர் இருக்கிறது. அட்வான்சைத் திருப்பித் தர வேண்டுமா? ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. (ஈரோடு வாசகர்)

எழுதாமல் விட்டதால் இப்போது இருவரும் நியாயத்தைத்தான் பேச முடியும். பழைய தேதிக்காக நீங்கள் வேறு வேலையை மறுத்திருந்தால் அந்த இழப்பு உண்மையானது. ஆனால் அந்தப் பழைய தேதிக்கு வேறு ஆர்டர் கிடைத்துவிட்டது என்றால், முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துக்க வீட்டுப் பணத்தை வைத்துக்கொண்டவர் என்ற பேச்சு ஊரில் பரவினால், அதை எந்த விளம்பரத்தாலும் மாற்ற முடியாது.

இனிமேல் எழுதிக்கொள்ளுங்கள். ‘அட்வான்ஸ் எந்தக் காரணத்துக்கும் திருப்பித் தரப்படாது’ என்ற ஒற்றை வரியை ரசீதில் அச்சடித்துவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறிப்பிடப்பட்டிருந்தாலும் அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டுக்கே உரிமை உண்டு என்கிறது. ஆகவே, கல்யாணத்துக்கு 90 நாளுக்கு முன் சொன்னால் எவ்வளவு பிடிப்போம், 30 நாளுக்குள் சொன்னால் எவ்வளவு பிடிப்போம், தேதி மாறினால் ஒரு முறை கட்டணமின்றி மாற்றித் தருவோமா, புதிய தேதியில் நாம் இல்லாவிட்டால் என்ன செய்வோம் என்று படிப்படியாக எழுதுவதே இரு தரப்புக்கும் நல்லது.

பணம் வாங்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேசும்போது 30 விழுக்காடு, ரிசப்ஷன் மேடை ஏறுவதற்கு முன் 60 விழுக்காடு, ஆல்பம் கொடுக்கும்போது 10 விழுக்காடு என்பது என் வழக்கம். ஆல்பத்தின்போது பெரிய தொகையை நிறுத்தி வைப்பவர்களுக்குப் பணம் வராமல் போவது கல்யாண வீட்டார் ஏமாற்றுவதால் மட்டுமல்ல. மண்டபம், சமையல், நகை என்று எல்லாக் கணக்கையும் தீர்த்து முடித்த குடும்பத்திடம் அப்போது பணம் இருப்பதில்லை, அதனால் படங்களைத் தேர்ந்தெடுத்துத் தருவதையே தள்ளிப் போடுகிறார்கள். என்னிடம் ஒரு தம்பதி ஆல்பத்துக்கான படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவே 14 மாதம் எடுத்துக்கொண்டார்கள். ஆல்பம் வாங்க வந்த அன்று அந்தப் பெண்ணின் தோளில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை, ஆனால் அந்த 14 மாதமும் என் 40,000 ரூபாய் முடங்கிக் கிடந்தது. அதற்குப் பிறகுதான், 60 நாளுக்குள் படங்களைத் தேர்ந்தெடுத்துத் தராவிட்டால் நாங்களே தேர்ந்தெடுத்து அச்சுக்கு அனுப்புவோம் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்த்தேன்.

ரொக்கம் வாங்குபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரே நிகழ்ச்சியைச் சேர்ந்த பணமாக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் 1 முதல் தடை செய்துள்ளது. மூன்று தவணையாகப் பிரித்து வாங்கினாலும் கல்யாணம் ஒன்றுதான் என்பதால் தப்ப முடியாது. அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே விதிக்கப்படலாம், அதுவும் கொடுத்தவர் மீதல்ல, வாங்கியவர் மீது.

கேள்வி: நான் எடுத்த கல்யாணப் படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டேன். நீக்கச் சொல்லி மாப்பிள்ளை வீட்டார் சண்டை போடுகிறார்கள். எடுத்தவன் நான் என்னும்போது உரிமை என்னுடையது இல்லையா? (திருநெல்வேலி வாசகர்)

இல்லை. நம் தொழிலில் இருப்பவர்கள் மிகப் பரவலாகத் தவறாக நம்பும் செய்தி இதுதான். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதற்காகக் கூலி பெற்று எடுக்கப்படும் புகைப்படத்துக்கு, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத நிலையில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். கேமரா உங்களுடையது, கோணம் உங்களுடையது, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்த உழைப்பும் உங்களுடையது. ஆனால் எழுதி வாங்காதவரை படம் அவர்களுடையது. உடனே நீக்கிவிட்டு, ஒரு வார்த்தை வருத்தமும் சொல்லிவிடுங்கள்.

உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைத் தாண்டியும் யோசிக்க வேண்டும். நலங்கு வைக்கும்போதும், மணப்பெண் அறையில் அலங்காரம் நடக்கும்போதும் நம்மை உள்ளே விடுகிறார்கள் என்றால், வீட்டு ஆள் போல நம்பித்தான் விடுகிறார்கள். எனவே ஒப்பந்தத்தில், விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் படங்களை முன்கூட்டியே காட்டி, மணமக்கள் இருவரின் ஒப்புதலும் பெற்ற பிறகே வெளியிடுவோம் என்று எழுதுங்கள். அப்படிக் கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறார்கள் என்பதே என் அனுபவம்.

இதையொட்டி இன்னொன்று: கல்யாண ஊர்வலத்திலும் மண்டபத்திலும் சினிமாப் பாட்டு ஒலிக்கச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு, அதே பாட்டை உங்கள் ஹைலைட்ஸ் வீடியோவில் சேர்த்து யூடியூபில் ஏற்றுவதற்குப் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். உரிமம் பெற்ற இசையைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஜி.எஸ்.டி. பதிவு எப்போது கட்டாயம்? (கோவை வாசகர்)

நிதியாண்டின் மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது. இங்கே லாபம் கணக்கில்லை. வீடியோக்காரருக்கும் ஆல்பம் லேபுக்கும் நீங்கள் எடுத்துக் கொடுத்த பணமும் கல்யாண வீட்டாரிடம் நீங்கள் வாங்கியதாகவே சேரும். முதல் கேள்வி கேட்ட திண்டுக்கல் நண்பர் 30 திருமணங்களில் நஷ்டப்பட்டாலும் அவருடைய வரவு 18 லட்சம்; இன்னும் நான்கு கல்யாணம் செய்தால் எல்லையைக் கடந்துவிடுவார். பதிவு செய்தால் 18 விழுக்காடு வரி. 50 லட்சம் வரை வரவுள்ளவர்கள் நிபந்தனைகளுக்கு உட்பட்டு 6 விழுக்காடு செலுத்தும் இணக்க முறையை (காம்போசிஷன்) தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அதில் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்க முடியாது, கேமரா வாங்கியபோது கட்டிய வரியையும் கழித்துக்கொள்ள முடியாது. பெரிய அளவில் கருவி வாங்கப் போகும் ஆண்டில் எது லாபம் என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

விலை பேசும்போது வரி சேர்த்தா, சேர்க்காமலா என்பதைச் சொல்லிவிடுங்கள். ஒரு லட்சம் என்று மட்டும் சொல்லி, அதற்குள்ளேயே 18 விழுக்காடு வரியைக் கட்ட நேர்ந்தால் உங்கள் கைக்கு வருவது 84,746 ரூபாய்தான்.

கேள்வி: கல்யாணத்தில் ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டுமா? (ஓசூர் வாசகர்)

2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி ட்ரோனுக்குப் பதிவு எண் வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்டதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு இயக்குபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழும் வேண்டும். ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன் டிஜிட்டல் ஸ்கை என்னும் அரசு இணையதளத்தின் வரைபடத்தில் மண்டபம் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மத்திய அரசின் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாத சிவப்பு மண்டலம் என்றால் அன்றே மறுத்துவிடுங்கள்.

கேள்வி: வேறொருவரிடம் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் தனியாகத் தொடங்கப் போகிறேன். கேமராவின் மெமரி கார்டு பழுதாகிப் படங்கள் போய்விட்டால் என்ன ஆகும் என்ற பயம் மட்டும் போகவில்லை. (தஞ்சாவூர் வாசகி)

அந்தப் பயம் உங்களிடம் எப்போதும் இருக்கட்டும், அம்மா. தொழில் தொடங்கிய சில ஆண்டுகளில் எனக்கே அது நடந்தது. முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது, கேமராவின் திரையில் படங்களுக்குப் பதிலாக ஒரு பிழைச் செய்தி தெரிந்தது. மீட்பு மென்பொருளை வைத்துப் போராடியதில் ஏறத்தாழ பாதிப் படங்கள் கிடைத்தன; தாலி கட்டிய படம் கிடைக்கவில்லை. வீடியோவிலிருந்து ஒரு காட்சியை எடுத்து அச்சிட்டு, முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்கப் போனேன். பெண்ணின் தகப்பனார் பணத்தை வாங்கவில்லை. மங்கலாக இருந்த அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதாவது கிடைத்ததே” என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

எல்லோரும் அவரைப் போல் இருக்க மாட்டார்கள், இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவைக் குறைபாட்டுக்காக இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு. ‘எங்கள் பொறுப்பு வாங்கிய தொகைக்கு மட்டுமே’ என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஆனால் கவனக்குறைவு உங்களுடையது என்று தெரிந்தால் அந்த வரி முழுமையாகக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். உங்களுக்கு உடல்நலம் கெட்டால் மாற்றாக வருபவர் யார் என்பதையும் எழுதி, அந்த நபரிடம் இப்போதே பேசி வையுங்கள்.

கேமரா வாங்கும்போது இரண்டு கார்டு போடும் வசதியுள்ளதாக வாங்கி, ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியும்படி அமையுங்கள். மண்டபத்திலிருந்து வந்த அன்றே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் நகலெடுத்து, எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றைக் கடையிலும் வையுங்கள். ஒரு கல்யாணத்துக்கு 4,000 படங்கள், ஒவ்வொன்றும் 30 எம்.பி. என்றால் 120 ஜி.பி.; இதற்கான செலவை முதல் பதிலில் சொன்ன அடக்க விலையில் சேர்த்துவிடுங்கள். ஆல்பம் அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்வரை அந்தக் கார்டுகளை அழிக்காமல், மணமக்களின் பெயரும் தேதியும் எழுதிய உறையில் போட்டு மேசை அலமாரியில் பூட்டி வையுங்கள். கூடுதலாக நான்கு கார்டுகள் வாங்க வேண்டியிருக்கும். லென்ஸ் வாங்குவதைத் தள்ளிப் போட்டாவது முதலில் அவற்றை வாங்குங்கள்.