சுற்றுச்சூழலுக்காக அசைவத்தை விடச் சொல்கிறார்கள். சென்னையில் இருக்கும் எனக்கு இது பொருந்துமா?

கறியைப் பற்றி யோசிப்பதற்கு முன் உங்கள் வீட்டுக்கு எத்தனை பால் பாக்கெட் வருகிறது என்று பாருங்கள். இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் சைவம், அசைவம் என்று கோடு போட்டுவிடுகிறார்கள். பருவநிலைக்கு அந்தக் கோடு தெரியாது. அந்த விலங்கு அசைபோடுமா போடாதா என்பதுதான் அதற்கு முக்கியம்.

மாடு, எருமை, ஆடு மூன்றும் அசைபோடுபவை. தின்ற வைக்கோலும் புல்லும் இரைப்பையில் நொதிக்கும்போது மீத்தேன் உருவாகி, பெரும்பாலும் ஏப்பமாக வெளியே வருகிறது (பலர் நினைப்பதுபோல் பின்பக்கமாக அல்ல). நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிட 27 மடங்காவது கூடுதலாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு இது. கோழிக்கு இந்த வேலை கிடையாது. அது பருவநிலைக்குத் தரும் சுமையில் பெரும்பகுதி தீவனத்தால் வருவதுதான்.

2018இல் 'சயின்ஸ்' இதழில் பூர், நெமெசெக் என்ற இருவர் 119 நாடுகளின் பண்ணைகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். அதன்படி உலக சராசரியாக ஒரு கிலோ கோழிக்கறிக்குச் சுமார் 10 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான சுமை. ஆட்டுக்கறிக்கு 40. ஒரு லிட்டர் பாலுக்கு 3க்குக் கொஞ்சம் மேல். இதை ஒரு பெரம்பூர் குடும்பத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். ஞாயிறுதோறும் ஒரு கிலோ சிக்கன் என்றால் ஆண்டுக்குச் சுமை 520 கிலோ. அரை கிலோ மட்டன் என்றால் 1,040. தினமும் ஒரு லிட்டர் பால் என்றால் 1,100ஐத் தாண்டும்!

"பால் தினமும், கறி வாரத்துக்கு ஒரு நாள், இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?" என்று என் மனைவி மடக்கினாள். நியாயம்தான். ஆனால் புரதத்துக்குப் புரதம் பார்த்தாலும் கோழியின் சுமை பாலைவிடக் குறைவு.

மாட்டுக்கறிக்கு 100 கிலோ என்று இணையத்தில் சுற்றும் எண்ணை இங்கே அப்படியே எடுக்காதீர்கள். அது கறிக்காகவே வளர்க்கும் மந்தைகளுக்கானது. அமேசான் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்குவதெல்லாம் அந்த வகை. புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் கடையில் தொங்குவது பெரும்பாலும் கறவை வற்றிய மாடு, இல்லையென்றால் உழவுக்கு ஆகாத மாடு. பால் மந்தையிலிருந்து வரும் கறிக்கு அதே ஆய்வு தரும் எண் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆக, பன்னீர் பட்டர் மசாலா சாப்பிடுபவரும் பீஃப் பிரியாணி சாப்பிடுபவரும் ஒரே மாட்டைத்தான் பங்கு போடுகிறார்கள். இதைச் சொன்னால் இரண்டு பேருக்குமே கோபம் வரும்.

நம்மூர் மாட்டுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். வைக்கோல், தவிடு, புண்ணாக்கு என்று நாம் சாப்பிடாததைத் தின்று அது பால் தருகிறது. பிராய்லர் தின்னும் மக்காச்சோளத்தை நாமே சாப்பிடலாம். ஆனால் நம் மாடுகளுக்குக் கறவை குறைவு என்பதால் லிட்டருக்கு மீத்தேன் கூடிவிடுகிறது.

சரி, என்ன செய்யலாம்? கோழியைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். மட்டனை மாதத்துக்கு ஒருமுறை ஆக்குங்கள். பன்னீர், சீஸ் இருக்கும் இடத்தில் கொண்டைக்கடலையோ பயறோ வரட்டும். பருப்பு வகைகளுக்குக் கிலோவுக்கு 2கூட ஆகாது. காலை ஃபில்டர் காபியை நான் விடவில்லை, விடப்போவதும் இல்லை. மாலை டீ மட்டும் பால் இல்லாமல், எலுமிச்சை பிழிந்து.