"டிடின்ட்" என்று கேட்டால் "யெஸ்" என்று மட்டும் சொல்லாதீர்கள்

தம்பி, 'ஐ டிடின்ட் வென்ட்' என்று சொன்னதற்கு உடன் வேலை செய்பவர்கள் சிரித்தார்கள் என்றும், எது சரி, மாலை வகுப்பில் சேரலாமா, ஈஸ்ட் ஹாமில் அறை வாடகை எவ்வளவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் லீட்ஸில் குடியேறி இருபது ஆண்டுகள் ஆகின்றன; லண்டன் வாடகையை அங்கிருப்பவர்களிடம் கேளுங்கள். வகுப்பு உங்கள் விருப்பம்.

'டிடின்ட் கோ' என்பதே சரி. இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமந்துவிடுவதால் பின்னால் வரும் வினை வெறுமனே நின்றால் போதும். நாமும் 'போகவில்லை' என்கிறோமே தவிர, 'போனவில்லை' என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. எழுதும்போது அபாஸ்ட்ரஃபி என்கிற மேற்குறி, 'நாட்' என்பதில் விழுந்துபோன 'ஓ' எழுத்தின் இடத்தில், அதாவது 'என்'னுக்கும் 'டி'க்கும் நடுவில் வரும். வேலை விண்ணப்பத்திலோ சுருக்காமல் 'டிட் நாட்' என்றே எழுதிவிடுங்கள்.

சிரித்தவர்கள் சிரிக்கட்டும், நீங்கள் சொல்ல வந்தது அவர்களுக்குப் புரிந்துதானே இருந்தது? புரிந்ததாக இருவரும் நினைத்துக்கொண்டு, ஆளுக்கொன்றாகப் புரிந்துகொள்ளும் இடம்தான் ஆபத்தானது. நான் வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்தேன். விடியற்காலையில் பொறுப்பை ஒப்படைக்கும்போது, ஒரு மூதாட்டியைக் குறிப்பிட்டு, 'டிடின்ட் ஷி டேக் ஹர் டேப்லெட்?' என்று செவிலியர் கேட்டார். அந்த அம்மா அன்றிரவு மாத்திரையைத் தள்ளிவிட்டிருந்தார். 'ஆமாம், சாப்பிடவில்லை' என்று மனத்துக்குள் தமிழில் எண்ணிக்கொண்டு, 'யெஸ்' என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன். செவிலியர் காதில் அது 'சாப்பிட்டார்' என்று விழுந்தது. மருந்துக் குவளையில் மாத்திரை அப்படியே கிடந்ததை மதியம் யாரோ பார்த்தபின், நான் ஏன் பொய் சொன்னேன் என்று அலுவலக அறையில் வைத்து விசாரித்தார்கள். நான் பொய் சொல்லவில்லை என்பதை விளக்கும் அளவுக்கு அன்று என்னிடம் ஆங்கிலம் இல்லை.

நம் 'ஆமாம்' கேட்பவரின் ஐயத்தை ஆமோதிக்கிறது. அவர்களின் 'யெஸ்' அந்தச் செயல் நடந்தது என்கிறது. ஆகவே டிடின்ட், வாஸின்ட், ஹேடின்ட் என்று எது தலைகாட்டினாலும், நடக்கவில்லையென்றால் 'நோ, ஷி டிடின்ட்' என்று முழுதாகச் சொல்லிப் பழகுங்கள். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதை நான் அன்றோடு விட்டேன்.

நம்மவர் சிலரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'இல்லையா' என்பதை எங்கும் ஒட்டிப் பழகியதால், 'வேர்ன்ட் யூ' வர வேண்டிய இடத்திலும் 'இஸின்ட் இட்' என்பார்கள். மூன்று ஆண்டுகள் கழிந்ததும் அதை 'இன்னிட்' என்ற பேச்சுவழக்குச் சுருக்கமாக ஆக்கிக்கொண்டு, வெள்ளைக்காரர் போலப் பேசுவதாகப் பெருமைப்படுவார்கள். எங்கள் லீட்ஸ் பக்கத்து யார்க்‌ஷயர்க்காரர்கள் 'ஐ வாஸின்ட்' என்பதற்குப் பதில் 'ஐ வேர்ன்ட்' என்பார்கள். அது அவர்கள் வட்டார வழக்கு, அவர்கள் வாயில் அழகாகத்தான் இருக்கிறது. நீங்கள் அதைத் தேர்வுத் தாளில் எழுதிவிடாதீர்கள்.

இப்போது விடியற்காலையில் பொறுப்பை ஏற்றுக் கேள்வி கேட்பவள் நான்தான். புதிதாக வந்த பிள்ளைகளிடம் 'டிடின்ட்' என்று தொடங்கி நான் ஒருபோதும் கேட்பதில்லை. 'டிட் ஷி டேக் இட்?' என்று கேட்டுவிட்டு, அந்த மருந்துக் குவளையையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுகிறேன்.