மிஞ்சிய கிழங்கும் மண் பூசிய கிழங்கும்: வாசகர் கேள்வி-பதில்

பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கட்லட் போட மசித்த உருளைக்கிழங்கு ஒரு பெரிய கோப்பை மிஞ்சிவிட்டது. பிரிட்ஜில் இருக்கிறது. காலை ரொட்டிக்கு மாவோடு சேர்க்கலாமா? அல்லது கடையில் விற்கும் ரொட்டி மா கலவை வாங்கினால்தான் சரிவருமா?
– வாசகி, தலவாக்கலை

கலவை எதுவும் வேண்டாம் அம்மா, காசை வையுங்கள். இரண்டு கோப்பை கோதுமை மாவுக்கு ஒரு கோப்பை கிழங்கு, அரைக் கோப்பை தேங்காய்ப்பூ, உப்பு, விருப்பமென்றால் பொடியாக வெட்டிய வெங்காயமும் பச்சை மிளகாயும். முதலில் தண்ணீரே விடாமல் கையால் பிசறுங்கள். கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான், அதுவே மாவைப் பெரும்பாலும் சேர்த்துவிடும். போதாவிட்டால் மட்டும் தெளியுங்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த கிழங்குதான் நல்லது. சூடாக இருந்தால் கையில் பிசுபிசுக்கும், மா மேலும் மேலும் கேட்கும், கடைசியில் ரொட்டி கல்லாகிவிடும். பிசைந்ததும் நேரம் கடத்தாமல் மிதமான தீயில் சுடுங்கள்.

வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த ரொட்டியைப் போல ஒன்று கிடையாது. வெறும் மா ரொட்டி பத்து மணித் தேத்தண்ணிக்கே விறைத்துவிடும், இது பகல் வரை மெதுவாக இருக்கும். கட்டசம்பல் போதும். கிழங்கில் ஏற்கனவே மீன் கலந்துவிட்டீர்கள் என்றால் மாவோடு பிசையாதீர்கள், ரொட்டிக்குள் வைத்து மடித்துச் சுடுங்கள்.

எங்கள் ஊர்க் குளிருக்குப் பிரிட்ஜ் வாங்குவது வீண்செலவு. இரவு மசித்த கிழங்கை மேசையில் மூடிவைத்து, காலையில் முட்டையும் மாவும் சேர்த்துப் பான்கேக் சுடுகிறேன். சரிதானே?
– வாசகர், நுவரெலியா

சரியில்லை. உங்கள் ஊர் இரவு பத்துப் பன்னிரண்டு பாகையில் நிற்கும். சமைத்த உணவுக்கு ஐந்து பாகைக்குக் கீழே வேண்டும். பிரிட்ஜ் இல்லையென்றால் அன்றைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் அவியுங்கள். இருப்பவர்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளே வைத்து, மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

புதிதாக வாங்கிய பிளெண்டரில் அவித்த கிழங்கைப் போட்டு அடித்தேன். பசை மாதிரி ஆகிவிட்டது. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்.
– வாசகர், ஹட்டன்

ஏன் எடுக்க வேண்டும்? இயந்திரம் வேலை செய்திருக்கிறது. வேகமாகச் சுழலும் கத்தி கிழங்கின் மாச்சத்தைக் கிழித்து வெளியே விட்டால் பசைதான் வரும். அவித்த கிழங்கை மசிக்க ஒரு மத்தோ, கரண்டியின் பின்புறமோ போதும். பெட்டிக்குள் இருந்த கையேட்டைப் பிரித்துப் பார்க்காமல் கடைக்காரரோடு சண்டைக்குப் போவது நியாயமில்லை. அந்தப் பசையைக் கொட்டாதீர்கள். கட்லட்டுக்கு ஆகாது, பணிஸ் மாவோடு சேர்த்தால் குறை தெரியாது.

‘நுவரெலியாக் கிழங்கு’ என்று சொல்லி அதிக விலைக்கு வீதியோரத்தில் விற்றார்கள். மண் ஒட்டியிருந்ததால் நம்பி ஐந்து கிலோ வாங்கினேன். மசித்தால் தண்ணீராக இருக்கிறது, இனிக்கிறது. மிஞ்சியதைத் தட்டிப் பொரித்தால் வெளியே கருகுகிறது, உள்ளே பிடிக்கவேயில்லை. என் சமையலில் குறையா?
– வாசகி, கம்பளை

உங்கள் சமையலில் ஒரு குறையும் இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வரும் கிழங்கைக் கொட்டி, மேலே செம்மண்ணைப் புரட்டி, மலையகக் கிழங்கு என்று விற்பது பழைய மோசடி. இறக்குமதிக் கிழங்கு கெட்ட கிழங்கு இல்லை. அதன் பெயரில், அதன் விலையில் விற்றால் யாருக்கும் முறைப்பாடு கிடையாது, கறிக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் நீண்ட நாள் குளிர்க் களஞ்சியத்தில் கிடந்த கிழங்கில் மாச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீனியாக மாறும். உங்கள் வீட்டு இனிப்புக்கும் கருகலுக்கும் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

எனக்கு ஆத்திரம் வருவது விவசாயியை நினைத்து. விதைக் கிழங்குக்கும் உரத்துக்கும் கடன்பட்டு, 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தியபோது அடிபட்டு, அதற்குப் பிறகும் வெலிமடையிலும் நுவரெலியாவிலும் கிழங்கு போடுகிறார்கள். அவர்களுடைய அறுவடை இறங்கும் நேரம் பார்த்து அரசாங்கம் இறக்குமதி வரியைக் கூட்டுவது எதற்காக? அவர்களுக்கு ஒரு விலை கிடைக்கட்டும் என்றுதான். ஒரு மண்வெட்டி செம்மண்ணால் அந்த விலையைத் தட்டிப் பறிக்கிறார்கள். வாங்குகிறவர் கூடுதலாகக் கொடுத்த காசில் ஒரு சதமும் தோட்டக்காரர் கைக்குப் போவதில்லை. வெலிமடைக் கிழங்கு என்று நான் ஒருமுறை வாங்கிய மூட்டையைக் கழுவியபோது மண் முழுக்கப் பவுடராகக் கரைந்து ஓடியது. உள்ளே வழுவழுவென்று பெரிய கிழங்குகள், சிலதில் முளை வேறு. விற்ற இடத்துக்குத் திரும்பிப் போனபோது, மூட்டை பிரித்தால் எடுக்க மாட்டோம் என்றார்கள். கையில் பில் இல்லை.

அதனால் இதைக் கேளுங்கள். வயல் மண் கிழங்கின் கண்களுக்குள் காய்ந்து இறுகியிருக்கும், பூசிய மண் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் படிந்து, விரலால் துடைத்ததும் உதிரும். புதிதாகத் தோண்டியதென்றால் அநேகமாகப் பெருவிரலால் தேய்த்தாலே தோல் உரியும். வீட்டில் ஒரு கோப்பை உப்பைப் பதினொரு கோப்பை தண்ணீரில் கரைத்து ஒரு கிழங்கைப் போட்டுப் பாருங்கள். அடியில் போனால் மாப்பிடிப்பான கிழங்கு, மசிக்கவும் சுடவும் நல்லது. மிதந்தால் கறிக்கு வையுங்கள்.

பில் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். ஒன்றை இன்னொன்றாகக் காட்டி விற்பதும் அதே சட்டத்தில் குற்றம். அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள், வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்திலும் கொடுங்கள். ஐந்து கிலோவுக்காக யார் போவது என்று நினைக்காதீர்கள். நீங்கள் போகாவிட்டால் அடுத்த லொறியும் அங்கேதான் வந்து நிற்கும்.

மீதிக் கிழங்கை எறிய வேண்டாம். மசித்து, அடுப்பில் வெறும் சட்டியில் கிளறி ஈரத்தை வற்றவிட்டு ரொட்டிக்குச் சேருங்கள். அந்த இனிப்பு அங்கே இடைஞ்சல் செய்யாது.

பேக்கரியில் ‘உருளைக்கிழங்கு பாண்’ வாங்கினேன். கிழங்கு வாசமே இல்லை. வீட்டில் மிஞ்சிய கிழங்கில் நானே செய்ய முடியுமா?
– வாசகர், பண்டாரவளை

வாசம் இல்லை என்பதை வைத்து மோசடி என்று சொல்ல முடியாது. பாணில் கிழங்கின் வேலை ருசி கொடுப்பதில்லை, ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது. மறுநாளும் மெதுவாக இருந்ததா என்று பாருங்கள். பொதியில் வந்ததென்றால் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடை கூடியது முதலில் வரும். கிழங்கு உப்புக்கும் பின்னால் நின்றால் பெயருக்குத்தான் போட்டிருக்கிறார்கள்.

வீட்டில் செய்யலாம். அரைக் கிலோ மாவுக்கு நூற்றைம்பது கிராம் கிழங்கு. வழக்கமாக முந்நூறு மில்லிலீட்டர் தண்ணீர் விடுவீர்கள் என்றால் இருநூறில் தொடங்குங்கள். மா கொஞ்சம் ஒட்டும், பயந்து உலர்ந்த மாவை அள்ளிப் போடாதீர்கள். பூண்டு போட்ட கிழங்கென்றால் இனிப்புப் பணிஸுக்கு வேண்டாம்.

லயத்து வீட்டில் கிழங்குப் பணிஸ் சுட ஒரு பழைய மின்சார அவன் மலிவாக வருகிறது. 2000 வாட். வாங்கலாமா?
– வாசகி, மஸ்கெலியா

வீட்டில் இருப்பது ஐந்து அம்பியர் வட்டப் பிளக் மட்டும்தானா? அப்படியென்றால் வாங்கவே வேண்டாம். அது தாங்குவது ஏறக்குறைய 1150 வாட். இந்த அவன் அதைப்போல ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு இழுக்கும், வயர் சூடேறும். லயத்தில் ஒரு அறையில் பிடித்தால் வரிசை முழுக்கப் போகும்.

பதின்மூன்று அம்பியர் இணைப்பு முறையாக இழுத்திருந்தாலும், கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நான் வாங்கிய பழைய அவன் 180 பாகையில் வைத்தால் எங்கேயோ போய் நிற்கும். அடி கருகி, நடு மாவாகவே இருக்கும். விற்றவர் வாரண்டி இல்லை என்று கையை விரித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு சிறிய அவன் வெப்பமானி இல்லாமல் நான் எந்த அவனையும் பார்க்கப் போவதில்லை.

இப்போதைக்கு அடிகனமான மூடிச் சட்டி போதும். பணிஸ் மாவைத் தட்டையாகத் தட்டி, மிகக் குறைந்த தீயில் மூடி, இரண்டு பக்கமும் திருப்பிச் சுடுங்கள். காலைச் சாப்பாட்டுக்கு அருமையாக வரும்.

தோல் பச்சையாக இருந்த கிழங்கைப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். மூன்று கிலோ வாங்கிவிட்டேன். நன்றாக அவித்தால் பரவாயில்லையா?
– வாசகர், இராகலை

இல்லை, அவித்தாலும் சரிவராது. பச்சை ஏறிய இடத்தில் சேரும் நஞ்சு அவித்தாலும் போகாது. பச்சை லேசாக ஒரு ஓரத்தில் மட்டும் என்றால் ஆழமாக வெட்டி எறியுங்கள், முழுக்கப் பச்சை என்றால் கிழங்கையே எறியுங்கள். விற்றவரிடம் காசைத் திருப்பிக் கேளுங்கள்.