பிரேசில் மாணவரும் ‘ஹேவ்’ குழப்பமும்

எத்தனை முறை திருத்தினாலும் உங்கள் பிரேசில் மாணவர் ‘ஐ ஹேவ் லிவ்ட்’ என்று தொடங்காமல் ‘ஐ லிவ் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றே சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அது கவனக்குறைவு இல்லைங்க. போர்த்துகீசியத்தில் ‘மோரு அக்கி ஆ சிங்கு ஆனுஸ்’ என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுவார்கள். ‘ஹேவ்’ போல அங்கே ‘தேர்’ என்ற துணைவினை உண்டு. ஆனால் அதன் நிகழ்கால வடிவத்தோடு சேர்த்தால், ‘சமீபமாக அடிக்கடி செய்துவருகிறேன்’ என்ற பொருள்தான் வரும். ஒருமுறை செய்து முடித்ததற்குச் சாதாரண இறந்தகாலமே போதும். அதனால் ‘ஹேவ்’, ‘தேர்’ இரண்டின் நிகழ்கால வடிவங்களையும் ஒப்பிட்டுச் சொல்லித்தர வேண்டாம், குழப்பம்தான் கூடும்.

நானாக இருந்தால் ‘ஷுட் ஹேவ் டன்’னில் தொடங்குவேன். போர்த்துகீசிய ‘தெவெரியா தேர் ஃபெய்த்து’ அதோடு சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது, ‘ஹேவ்’ வாய்க்குப் பழகிவிடும். அப்புறம் ‘ஃபார்’, ‘சின்ஸ்’ வாக்கியங்களுக்கு வாருங்கள். ‘மஸ்ட்’ வரும்போது மட்டும் கவனம்: மஸ்ட், ஷுட் இரண்டுக்கும் அவர்களிடம் ‘தெவேர்’ என்ற ஒரே வினைதான்.