பாட்டுப் பெட்டி: வாசகர் கேள்விகள்

கே: ஈகிள்ஸ் இசைக்குழுவின் 'தெயர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தட்டை ஆசை ஆசையாக வாங்கினேன். புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன், 'ஹோட்டல் கலிஃபோர்னியா' இல்லை. ஏமாந்துவிட்டேனா?

ப: இல்லை. தலைப்போடு ஒட்டிக்கொண்டு 1971–1975 என்று ஒரு கணக்கு இருக்கிறதே, கவனித்தீர்களா? இந்தத் தொகுப்பு வந்தது 1976 பிப்ரவரியில். 'ஹோட்டல் கலிஃபோர்னியா' ஆல்பம் அதே வருடம் டிசம்பரில்தான் வந்தது. பிறக்காத பிள்ளையை எப்படி குரூப் போட்டோவில் நிறுத்துவது? நானும் உங்களைப் போல முழித்தவன்தான். இரவல் வாங்கிய கேசட்டில் பத்துப் பாட்டும் முடிந்த பிறகும், வால் பகுதியில் ஒளிந்திருக்குமோ என்று டேப் வெறுமனே சுற்றி 'டக்'கென்று நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

கே: "ஹிட்ஸ் தொகுப்பு கேட்கிறவனெல்லாம் ரசிகனே இல்லை" என்கிறான் என் நண்பன். உங்கள் தீர்ப்பு?

ப: பாதி ஒத்துக்கொள்கிறேன். அதே தட்டிலுள்ள 'டெஸ்பராடோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1973இல் அதே பெயரில் வந்த ஆல்பத்தின் பாட்டு. அந்த ஆல்பத்தின் அடிநாதமே டூலின்–டால்டன் கொள்ளைக் கூட்டத்தின் கதை. அதில் 'டெக்கீலா சன்ரைஸ்' முடிந்ததும் 'டெஸ்பராடோ' வரும், அதோடு முதல் பக்கம் முடியும். தொகுப்பிலும் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு அதுதான். ஆனால் 'டெக்கீலா சன்ரைஸ்' மறுபக்கத்துக்குக் குடிபோய்விட்டது, கதையும் போயிற்று. 'டெஸ்பராடோ'வை நான் வருடக்கணக்காகக் காதலில் தோற்றவனுக்குச் சொல்லும் ஆறுதல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கொள்ளைக்காரன் சங்கதி பிறகுதான் தெரிந்தது.

மீதிப் பாதி? தொகுப்பில் அதற்கு முன்னால் வருவது 'ஆல்ரெடி கான்'. கித்தார்கள் அத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணி ஓய்ந்த இடத்தில், தனியாக ஒரு பியானோ தொடங்கும். அந்த இறக்கம் மூல ஆல்பத்தில் கிடையாது. இன்றைக்கும் எங்காவது 'ஆல்ரெடி கான்' கேட்டால், அது முடிந்ததும் என் காது அந்தப் பியானோவுக்காகக் காத்திருக்கிறது. இதற்காக ரசிகர் மன்றத்திலிருந்து என்னை நீக்குவதென்றால் நீக்கட்டும். இன்னொன்று: 'டெஸ்பராடோ'வை ஈகிள்ஸ் தனி சிங்கிளாக வெளியிட்டதே இல்லை. அப்புறம் அது எந்தக் கணக்கில் 'ஹிட்'? உங்கள் நண்பரையே கேளுங்கள்.

கே: அந்தத் தட்டு மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்'ஐ முந்திவிட்டதாமே?

ப: அமெரிக்காவில் மட்டும். 2018இல் அங்கே 38 முறை பிளாட்டினம் என்று விற்பனைச் சான்று கொடுத்தார்கள். பிளாட்டினம் ஒவ்வொன்றும் பத்து லட்சம் ஆல்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,500 முறை ஸ்ட்ரீமிங்கில் ஓடினால் அதையும் ஓர் ஆல்பமாகச் சேர்க்கிறார்கள், ஆகவே எல்லாம் தட்டு விற்ற கணக்கல்ல. உலகக் கணக்கில் 'த்ரில்லர்' இன்னும் மேலேதான்.

கே: குயீன் இசைக்குழுவின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்னிடம் ஒன்று, அண்ணனிடம் ஒன்று. அவர் தட்டில் 'அண்டர் பிரஷர்' இருக்கிறது, என்னுடையதில் இல்லை. எது அசல்?

ப: இரண்டும் அசல்தான். 1981இல் அது வெளியானபோது, எந்த நாட்டில் எந்தப் பாட்டு ஓடியதோ அதற்கேற்பப் பட்டியலை மாற்றினார்கள். உங்களிடம் இருப்பது 17 பாட்டுள்ள பிரிட்டன் பதிப்பாக இருக்க வேண்டும். அண்ணனுடையது அமெரிக்கப் பதிப்பாக இருக்கலாம், அதில் அந்தப் பாட்டு உண்டு. பிரிட்டன்காரர்களுக்கு அது 1991இல் வந்த இரண்டாம் தொகுப்பில்தான் கிடைத்தது. அந்தத் தொகுப்பு உங்கள் கைக்கு வரும்வரைக்கும் அண்ணன் தட்டை இரவல் வாங்கிக் கேளுங்கள்.