தினமும் கொஞ்சம், கண்ணைத் திறந்துகொண்டு: படைப்பாளிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், இசை அமைக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: முழுநேர வேலையில் இருக்கிறேன். மாலையில் சக்கையாகத்தான் வீடு திரும்புகிறேன். வேலையை விட்டால்தான் எழுத முடியுமோ?

அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரோலப் அஞ்சல் துறை ஊழியர். காலை 5.30க்கு மேசைக்கு வந்துவிடுவார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள். அதற்குப் பிறகுதான் அலுவலகம். மொத்தம் 47 நாவல்கள்.

அந்த 250ஐத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. தன்னை எழுப்பிவிடுவதற்கென்றே வயதான ஒரு பணியாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார் அவர். தன் மன உறுதியை அவர் நம்பவில்லை, ஏற்பாட்டை நம்பினார். அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, விடியுமுன் எழுதினார். எழுத்தாளர் காஃப்கா காப்பீட்டு அலுவலகம் முடிந்து இரவில் எழுதினார். ஆக, அதிகாலைதான் உசத்தி என்று ஒன்றுமில்லை. மாலையில் சக்கையாகிவிடுகிறீர்கள் என்றால் மாலையை விட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

அந்த எண்ணைப் பரப்பியது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960இல் எழுதிய நூல். மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். அது நாளடைவில் எல்லாவற்றுக்குமான விதியாகிவிட்டது.

லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் சராசரியாக வந்தது 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆனால் அவர்கள் பார்த்தது தண்ணீர் குடிப்பது, ஓடுவது போன்ற காரியங்களை. நாற்காலியில் போய் உட்காருவது பழக்கமாகலாம். கதை எழுதுவது ஒருநாளும் தானாக நடக்கும் பழக்கமாகாது, ஆகவும் கூடாது.

கேள்வி: கைபேசியை அமைதியில் போட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன். அப்படியும் மனசு நிலைகொள்வதில்லை.

உட்காருவதற்கு முந்தைய பத்து நிமிடம் என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். பாதியில் விட்ட வேலையின் மிச்சம் அடுத்த வேலைக்குள்ளும் கூடவே வருகிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார். மின்னஞ்சலைத் திறந்து, பதில் போடாமல் மூடிவிட்டு வந்தால், அரை மனசு அங்கேயே நிற்கும். விட்ட இடத்தையும், திரும்பிப் போனதும் செய்யவேண்டியதையும் ஒரு தாளில் இரண்டு வரி எழுதி வைத்துவிட்டு வாருங்கள். இதுவும் அவர் பின்னாளில் சோதித்துப் பார்த்த வழிதான். கைபேசி பக்கத்து அறையில் இருக்கட்டும்.

கேள்வி: உந்துதல் இல்லாமல் உட்கார்ந்தால் உயிரில்லாததுதானே வரும்? நான் காத்திருக்கிற ஆள்.

ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் 1980களின் தொடக்கத்தில் கல்லூரி ஆசிரியர்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழு எழுதவே கூடாது. ஒன்று தோன்றும்போது எழுதலாம். மூன்றாவது, கட்டாயமாக எழுதியே தீரவேண்டும். பக்கங்கள் கட்டாயக் குழுவுக்கு அதிகம் வந்ததில் வியப்பில்லை. புதிய யோசனைகளும் அவர்களுக்கே அதிகம் வந்தன. சின்ன ஆய்வு, அதுவும் கல்வித்துறை எழுத்து. ஒரு மெட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் சும்மா இருப்பதில்லை, வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சிக்கல் அங்கேதான்.

கேள்வி: நிறையப் படிக்கிறேன், நிறையப் பார்க்கிறேன். எழுத உட்கார்ந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

இன்று வந்த கேள்விகளில் முக்கியமானது இது. எழுதும் ஒரு மணி நேரத்தைப் பற்றியே கவலைப்படுகிறோம். அந்த ஒரு மணிக்கு வேண்டிய சரக்கு மற்ற நேரத்தில்தான் சேர்கிறது.

டார்வின் தன் தன்வரலாற்றில் ஒரு வழக்கத்தைச் சொல்கிறார். தன் முடிவுகளுக்கு எதிரான ஒரு தகவலோ எண்ணமோ கண்ணில் பட்டால் உடனே, தவறாமல் குறித்துக்கொள்வாராம். சாதகமானவற்றைவிடப் பாதகமானவை சீக்கிரம் மறந்துவிடுகின்றன என்று அனுபவத்தில் கண்டிருந்தார். இதை அறிவியலுக்கு மட்டும் விட்டுவிட வேண்டாம். உங்கள் குறிப்பேட்டில் பிடித்த வரிகள் மட்டும் இருந்தால், அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த உங்களைத்தான் காட்டும். உறுத்தியதை எழுதுங்கள். புரியாததை, எரிச்சலூட்டியதை.

எழுதும்போது அடைமொழி வேண்டாம். “சோகமான முகம்” என்று குறித்தால் ஆறு மாதம் கழித்து அதில் எடுக்க ஒன்றும் இருக்காது. “பேசி முடித்த பிறகும் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை” என்று இருந்தால் அதிலிருந்து ஒரு கதாபாத்திரம் எழுந்து வரலாம். வரைகிறவர்களுக்கும் இதே கதைதான்: முகத்தை விட்டு, கை எங்கே இருந்தது என்று கோடு போட்டு வையுங்கள். நாளுக்கு ஒன்று போதும். பத்து எழுத ஆரம்பித்தால் பார்ப்பதை விட்டுவிட்டுக் குறிப்பு சேகரிக்கக் கிளம்பிவிடுவீர்கள். அது வேறு நோய்.

கேள்வி: மேசையில் வராத யோசனை நடக்கும்போது வருகிறது. பிரமையா?

இல்லை. 2014இல் ஒப்பெஸோ, ஷ்வார்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நடைப்பயிற்சி இயந்திரத்தில் நடந்தவர்களுக்குக்கூட உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிக யோசனைகள் வந்தன. ஆனால் ஒரே ஒரு சரியான விடையைத் தேடும் சோதனையில் நடை உதவவில்லை. அதனால் தேடுவதற்கு நடங்கள், வெட்டித் திருத்த உட்காருங்கள். காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் நடந்தால் நல்லது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

கேள்வி: கைக்குழந்தை இருக்கிறாள். எந்த நேரமும் என் கையில் இல்லை. நிலையான நேரம் என்று நீங்கள் சொல்வதெல்லாம் எனக்கு எப்படி?

அப்படியானால் கடிகாரத்தை விட்டுவிடுங்கள் அம்மா. நேரத்தோடு கட்டாமல், ஒரு நிகழ்வோடு கட்டுங்கள்: “அவள் தூங்கியதும் குறிப்பேட்டைத் திறப்பேன்.” “இது நடந்தால் இதைச் செய்வேன்” என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பவர்கள் வெறும் ஆசையோடு இருப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குறிப்பேடும் பேனாவும் அவள் தூங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் தேடுவதிலேயே அந்த இடைவெளி போய்விடும். அடுத்த வரி என்னவென்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள். அவள் நடுவில் எழுந்துவிட்டால் அந்த வரிக்கு இரண்டு சொல் அடையாளம் போட்டுவிட்டுப் போங்கள். தூக்கம் வந்தால் நீங்களும் தூங்குங்கள், இந்த மாதங்களில் அதற்குத்தான் முதலிடம்.