தெரபிஸ்ட் இல்லை, அசிஸ்டென்ட்தான் பார்க்கிறார்!

கேள்வி: சான் ஹோசேயில் எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்தது. மெடிகேர் பார்ட் பி (அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டில் வெளிநோயாளி சிகிச்சைக்கான பகுதி) உண்டு. தனியார் கிளினிக்கில் முதல் நாள் பிசிக்கல் தெரபிஸ்ட் பார்த்தார். அப்புறம் எப்போது போனாலும் அவருக்குக் கீழே வேலை செய்யும், உரிமம் பெற்ற அசிஸ்டென்ட்தான். தெரபிஸ்ட் கட்டடத்திலேயே இல்லை. இது முறையா?

பதில்: 2025 ஜனவரி 1 முதல் முறைதான். அதுவரை, தனியார் கிளினிக்கில் அசிஸ்டென்ட் சிகிச்சை தரும்போது தெரபிஸ்டும் அங்கேயே இருந்தாக வேண்டும் என்றது மெடிகேர். இப்போது போனில் கிடைத்தால் போதும். மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும். கலிபோர்னியாவில் ஒரு தெரபிஸ்ட் ஒரே நேரத்தில் 2 அசிஸ்டென்ட்களைத்தான் மேற்பார்க்கலாம், நியூயார்க்கில் 4.

கட்டடத்தில் இல்லாதது வேறு, சிகிச்சையிலேயே இல்லாதது வேறு. மதிப்பீடு, மறுமதிப்பீடு, சிகிச்சைத் திட்டம் மூன்றும் தெரபிஸ்ட் வேலை. அதிகபட்சம் 10 சிகிச்சை நாளுக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை எழுத வேண்டும். அந்த இடைவெளிக்குள் ஒரு நாளாவது, பில் போடக்கூடிய ஒரு சிகிச்சையைத் தானே முழுதாகத் தந்திருக்கவும் வேண்டும். 10 முறை போயும் அவர் முகமே தெரியவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள்.

முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அசிஸ்டென்ட் அளக்கலாம். இரண்டு வாரமாக 90-ஐத் தாண்டவில்லை, திட்டத்தை மாற்றலாமா என்பதை அவர் முடிவுசெய்ய முடியாது. கெண்டைக்கால் திடீரென வீங்கினாலோ, தையல் வாயில் சீழ் வந்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே தெரபிஸ்டைக் கூப்பிட வேண்டும்.

கேள்வி: கிளினிக்கில் பில்லிங் பார்க்கிறேன். ஒரே பயிற்சி, ஒரு யூனிட் (பில்லில் 15 நிமிடக் கணக்கு). தெரபிஸ்ட் 10 நிமிடம், அசிஸ்டென்ட் 5 நிமிடம். பில்லில் சி.க்யூ. (அசிஸ்டென்ட் தந்த சிகிச்சை என்று காட்டும் குறியீடு) போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு யூனிட் பில் போட 8 நிமிடம் போதும், தெரபிஸ்ட் தனியாகவே அதைத் தாண்டிவிட்டார். நிமிடங்கள் தலைகீழானால், அதாவது அவர் 5, அசிஸ்டென்ட் 10 என்றால், கட்டாயம் போட வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து செய்த நிமிடங்கள் அசிஸ்டென்ட் கணக்கில் சேராது. பெரும்பாலும் சறுக்குவது குறிப்பில்தான்: மொத்தம் 15 நிமிடம் என்று மட்டும் எழுதியிருக்கும், யார் எவ்வளவு என்று இருக்காது. பிறகு தணிக்கையில் எதைக் காட்டுவது?

சி.க்யூ. விழுந்தால் 2022 முதல் மெடிகேர் தன் பங்கில் 85 சதவீதமே தருகிறது. டிடக்டிபிள் (ஆண்டுதோறும் நோயாளி முதலில் தானே கட்டும் தொகை) முடிந்தபின், 100 டாலர் கட்டணத்தில் 80-க்குப் பதில் 68. நோயாளி கட்டும் 20 அப்படியேதான், அவருக்கு இதில் லாபமில்லை.

கேள்வி: தெரபி ஏய்ட் (உரிமம் இல்லாத உதவி ஆள்) பயிற்சி தந்தால்?

பதில்: தெரபிஸ்ட் பக்கத்திலேயே நின்று பார்த்தாலும், ஏய்ட் தரும் சிகிச்சைக்கு மெடிகேர் பணம் தராது. துண்டு மடிக்கலாம், கருவி எடுத்து வைக்கலாம்.